பெயர் மாறிய ஜுரம்

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. பெருமாளையும் தாயாரையும் சேவித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அங்கே அதிகம் நிற்பதில்லை. ஆனால் அந்தச் சந்நிதிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, கருடவாகன பட்டர் என்பவர் கோயிலுக்குள் பாழ்பட்டுக் கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. ஆரோக்கியசாலை என்றால் ஆஸ்பத்திரிதான். ஹொய்சளர் காலத்தில் ஏற்பட்டு, இடையில் வந்த படையெடுப்பிலே சிதைந்து, மறுபடி உயிர்பெற்ற ஆஸ்பத்திரி.

அந்தத் திண்ணையில் ஜுரக்காரன் ஒருவன் வந்து படுத்திருந்தால் வைத்தியர் என்ன செய்திருப்பார் என்று நான் சில சமயம் யோசித்துப் பார்ப்பதுண்டு. நாடியைப் பிடித்திருப்பார். நாக்கை நீட்டச் சொல்லியிருப்பார். கண்ணின் நிறத்தைப் பார்த்திருப்பார். பிறகு, "இது இன்ன ஜுரம்" என்று ஒரு பெயர் சொல்லியிருப்பார். சித்த வைத்தியத்தில் சுரம் மட்டும் அறுபத்துநான்கு வகை என்று கணக்கு. பெயர் தெரிந்தால்தான் மருந்து; மருந்தைவிட முக்கியமாக, அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டாருக்குச் சொல்ல முடியும். பெயர் தவறினால் இரண்டுமே தவறிப்போகும்.

அப்படிப் பெயர் தவறிப்போய், இருநூறு வருஷ காலம் வேறொரு ஜுரத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு உலாவிய ஒரு ஜுரத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன். டெங்கு என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்கிற அந்த ஜுரம்.

1779-ல் ஜாவாத் தீவில், டச்சுக்காரர்களின் பட்டேவியா நகரத்தில் டேவிட் பைலான் என்ற வைத்தியருக்கே ஒரு ஜுரம் வந்தது. மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு கடுமையாக வலித்தது. அவர் அதை எழுதி வைத்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒரு ஜுரம் பரவியது. பெஞ்சமின் ரஷ் என்ற புகழ்பெற்ற டாக்டர் அதைக் கவனித்தார். ஊர் ஜனங்கள் அதை 'எலும்பு முறிக்கும் ஜுரம்' என்றார்கள். ஜுரம் தெளிந்த ஒரு பெண்மணி, எலும்பு முறிக்கும் ஜுரம் என்பதைவிட 'மனசை முறிக்கும் ஜுரம்' என்பதுதான் பொருத்தம் என்றாளாம். ஜுரம் போன பிறகு வரும் அந்த இனம்தெரியாத சோர்வை அனுபவித்தவர்கள் அவள் கட்சிதான் பேசுவார்கள். அதே 1780-ல் நம் சென்னைப்பட்டணத்திலும் இதைப் போன்ற ஜுரம் ஒன்று பரவியதாகக் குறிப்பு உண்டு. ஹைதர் அலி கர்நாடகத்தின்மேல் படையெடுத்து வந்த வருஷம் அது. ஊரெல்லாம் பீதி. அதற்கு நடுவே ஜுரத்தைக் கவனித்து எழுதி வைக்கவும் யாரோ ஒருவருக்குப் பொழுது இருந்திருக்கிறது.

டெங்கு என்ற பெயர் அப்போது இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கூத்து. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பக்கத்தில் ஜான்ஜிபார் தீவு இருக்கிறது. அங்கே 1823-லும் மறுபடி 1870-லும் ஒரு ஜுரம் வந்தது. ஸ்வாஹிலி மொழியில் அதை 'கிடிங்கா பேப்போ' என்றார்கள். பேய் பிடித்து இழுக்கும் இசிவு என்று பொருள் சொல்லலாம். அந்த வார்த்தை அடிமை வியாபாரக் கப்பல்களோடு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று என்று கருதுகிறார்கள். 1827-28-ல் அங்கே இந்த ஜுரம் வந்தபோது ஆங்கிலேயர் காதில் அது 'டாண்டி' என்று விழுந்தது. டாண்டி என்றால் ஒய்யாரமாக உடுத்தி மிடுக்காக நடக்கிறவன். மூட்டு வலியால் விறைத்துப்போய் நடக்கிறவனைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு பரிகாசம். ஸ்பானியர்கள் அதையே 'டெங்கே' ஆக்கினார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் பகட்டு, பிகு என்று அர்த்தம். இப்படியாகப் பேயாக இருந்தது பகட்டாக மாறி உலகத்தைச் சுற்றி வந்தது.

1870-ல் ஜான்ஜிபாரில் கிளம்பிய ஜுரம் ஏடன் வழியாக இந்தியாவுக்கு வந்து, கல்கத்தா, பம்பாய் எல்லாம் பார்த்துவிட்டு 1872-ல் சென்னைக்கும் வந்தது. வெள்ளைக்கார டாக்டர்கள் கட்டுக்கட்டாக எழுதினார்கள். திடீரென்று ஜுரம், மூன்றே நாளில் இறக்கம், உடம்பில் சிவப்புத் தடிப்பு, பிறகு வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் விடாத மூட்டு வலி. சாவு மட்டும் மிகக் குறைவு. டெங்கு என்று பெயர் எழுதிக் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

எண்பது வருஷம் கழித்துத்தான் கோப்பு அவிழ்ந்தது. 1952-53-ல் டாங்கனிக்காவில் மக்கொண்டே ஜனங்கள் வாழும் மேட்டுப் பிரதேசத்தில் ஒரு ஜுரம் கண்டது. ஜனங்கள் நிமிர முடியாமல் வளைந்து நடந்தார்கள். தங்கள் பாஷையில் 'வளைத்து மடக்குவது' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் சிக்குன்குனியா. ராபின்சன், லம்ஸ்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1955-ல் அதைப் பற்றி எழுதினார்கள். முதலில் இதுவும் டெங்குபோலத்தான் இருக்கிறது என்று பட்டது. ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியைச் சோதித்தபோது, டெங்குக் கிருமிக்கும் அதற்கும் உறவே இல்லை என்று தெரிந்தது.

இந்த இடத்தில் நம் வேலூர் கதைக்குள் வருகிறது. 1963-ல் கல்கத்தாவில் பெரிய ஜுரம். 1964-ல் அது சென்னை, பாண்டிச்சேரி, வேலூர் என்று இறங்கியது. சென்னையில் மட்டும் லட்சக்கணக்கானவர்கள் படுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அப்போது வைரஸ் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டொனால்டு கேரி, கல்லூரியைச் சேர்ந்த மயர்ஸ், கொசுக்களைப் பற்றி நன்கு தெரிந்த ரேச்சல் ரூபன் ஆகியோர் நோயாளிகளின் ரத்தத்தையும் ஊரில் பிடித்த கொசுக்களையும் சோதித்தார்கள். ஊரே டெங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த ஜுரம் பெரும்பாலும் சிக்குன்குனியா என்று தெரிந்தது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே சமயத்தில் அதே ஊரில் உண்மையான டெங்குவும் சிலருக்கு இருந்தது. ஒரே ஏடிஸ் கொசு ஒரே தெருவில் இரண்டு ஜுரத்தையும் விநியோகம் செய்துகொண்டிருந்தது!

கேரி அதோடு நிற்கவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டினார். ஜான்ஜிபாரின் கிடிங்கா பேப்போ, 1872-ன் சென்னை ஜுரம், பட்டேவியாவில் பைலானுக்கு வந்தது, எல்லாவற்றிலும் மாதக் கணக்கான மூட்டு வலி இருக்கிறதே என்று பார்த்தார். 1971-ல் 'ஆள் மாறாட்டமா?' என்று கேட்கிற தலைப்போடு ஒரு கட்டுரை எழுதினார். டெங்கு என்ற பெயரை முதலில் சுமந்தது சிக்குன்குனியாதான், பிறகு அந்தப் பெயர் வேறு ஜுரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது என்பது அவர் கட்சி. எனக்கென்னவோ அவர் வாதம் கெட்டியாகவே படுகிறது. நாவல் எழுதுகிறவன் ஆள் மாறாட்டக் கதையை நம்புவதில் ஆச்சரியம் இல்லை என்று வாசகர்கள் சொல்லக்கூடும், சொல்லிக்கொள்ளட்டும்.

2006-ல் அதே சிக்குன்குனியா மறுபடி வந்தபோது திருச்சி ஜில்லாவில் நான் பார்த்த வேடிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டில் அந்த வருஷம் 13 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இந்த ஜுரம் என்று சர்க்கார் கணக்கு. நம் ஜனங்களின் காது அந்த ஆப்பிரிக்கப் பெயரைச் 'சிக்கன் குனியா' என்று இரண்டாகப் பிளந்தது. சிக்கன் தின்றால் குனிய வைக்கும் என்று பொருளும் சொன்னது. மூலப் பெயரின் அர்த்தமும் வளைவதுதான் என்பதை நினைத்தால், தெரியாமல் சொன்ன மொழிபெயர்ப்பில் பாதி சரி! ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலர், "நமக்கென்ன, நாம கோழியா சாப்பிடறோம்?" என்று நிம்மதியாக இருந்தார்கள். கொசு அவர்களுடைய ஆசாரத்தை விசாரிக்கவில்லை. வைகாசியில் நிம்மதியாக இருந்தவர்கள் ஆவணியில் வீதியில் குனிந்து நடந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் சிக்குன்குனியா படுத்தும். ஆனால் உயிரைக் கேட்பது அபூர்வம். டெங்கு அப்படியல்ல. அதனால்தான் பெயர் சரியாகத் தெரிவது முக்கியமாகிறது. டெங்குக் கிருமியில் நான்கு வகை இருக்கின்றன. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மறுபடி வராது. ஆனால் வேறு வகை வந்தால், முதல் தடவையைவிட இரண்டாம் தடவைதான் ஆபத்து அதிகம். பாங்காக்கில் 1960-களில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் குழந்தைகளிடம் கண்ட உண்மை இது. பழைய சண்டையில் உடம்பு தயாரித்த ஆயுதங்கள் புதிய எதிரிக்கே உதவிவிடுகின்றன. ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கின்றன. ரத்தத்திலுள்ள நீர் வெளியே ஒழுகி, ரத்தம் கெட்டியாகிறது. இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், இது நடப்பது ஜுரம் கொதிக்கும்போது அல்ல. ஜுரம் இறங்குகிற சமயத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, ஒன்று இரண்டு நாளுக்குள் நடந்துவிடுகிறது.

ஜுரம் விட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? திருஷ்டி கழிப்போம். மிளகு சாத்தமுது கரைத்த சாதம் போடுவோம். பெருமாளுக்கு முடிந்து வைத்த காசை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவோம். தலைமுறை தலைமுறையாக வந்த நிம்மதி அது. டெங்கு அந்த நிம்மதிக்குள்தான் ஒளிந்துகொண்டு வருகிறது.

2012-ல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு டெங்கு கண்டது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். ஐப்பசி மாதம். எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் பேரன், பதினோரு வயசு, ஜுரத்தில் படுத்தான். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். நாலு நாள் கஷாயமும் மாத்திரையுமாகப் போயிற்று. ஐந்தாம் நாள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரே ஒரு பரிசோதனை செய்து, 'என்.எஸ்.1 இல்லை' என்று சீட்டுக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே ஜுரமும் இறங்கியது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சீட்டைக் காட்டினார்.

"டெங்கு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டான். ஜுரமும் விட்டுடுத்து. ரங்கநாதன் காப்பாத்தினான்."

மறுநாள் காலையில் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கை ஜில்லென்றிருந்தது. தெருக்கோடியில் ஒரு வயதான டாக்டர் இருந்தார், பிராக்டிஸை விட்டுவிட்டவர். பெரியவர் நேரே போய் அவரை அழைத்து வந்தார். டாக்டர் பையனின் கையில் ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் எண் 96, கீழ் எண் 72. இரண்டுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே 84-ல் பட்டையை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். அவிழ்த்ததும் முழங்கைக்குக் கீழே ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். ஓர் அங்குலச் சதுரத்துக்குள் எண்ணினார். பத்துக்கு மேல் இருந்தால் சந்தேகிக்க வேண்டும் என்பது கணக்கு. இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"மாமா, புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கோ. இப்பவே."

"சீட்டுல இல்லைன்னு போட்டிருக்கே, டாக்டர்?"

"சீட்டு பொய் சொல்லலை. நீங்க அதைக் கேட்ட நாள்தான் சரியில்லை."

அவர் சொன்னதை விளக்க வேண்டும். டெங்குக் கிருமி உடம்புக்குள் பெருகும்போது ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. அதன் பெயர்தான் என்.எஸ்.1. அது முதல் நாளிலிருந்தே தெரியும். ஜுரம் வந்த நாலைந்து நாளுக்குள் தேடினால் அகப்படும். பிறகு மங்கிவிடும். இரண்டாம் தடவை டெங்கு வந்தவர்களிடம் அதைவிடச் சீக்கிரமாகவே மங்கிவிடும். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற பொருள் வேறு. ஐ.ஜி.எம். என்கிற அது நாலாம், ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். இரண்டு மூன்று மாதம் தங்கும். ஆகவே, இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். தேடினாலும் வீண், ஆறாம் நாள் என்.எஸ்.1-ஐ மட்டும் தேடி, இல்லை என்று திருப்திப்படுவதும் வீண். ஐ.ஜி.ஜி. என்று இன்னொன்று. முதல் தடவையானால் அது மெதுவாக, ஒரு வாரம் கழித்து வரும். இரண்டாம் தடவையானால் பழைய ஞாபகத்தில் சட்டென்று எழும்பும். கடைகளில் கிடைக்கிற அட்டைப் பரிசோதனை கால் மணியில் பதில் சொல்லும். ஆனால் சர்க்கார் கணக்கில் எலைசா முறையில் ஊர்ஜிதமானால்தான் டெங்கு. அதற்கு வேண்டிய ஐ.ஜி.எம். சாதனங்கள் புனேயிலுள்ள தேசிய வைரஸ் நிலையத்தில் தயாராகி ஆஸ்பத்திரிகளுக்கு வருகின்றன.

வேலூர்க்காரர்கள் 1964-ல் பட்ட பாட்டை நினைத்தால் இதெல்லாம் மந்திரம் போல இருக்கிறது. அப்போது நோயாளியின் ரத்தத்தைப் பிறந்து ஓரிரு நாளான எலிக்குஞ்சின் மூளையில் செலுத்திக் காத்திருக்க வேண்டும். அல்லது ஜுரத்தின்போது ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுத்து, வாத்தின் சிவப்பணுக்களோடு கலந்து, எதிர்ப்புச் சக்தி நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு வருவதற்குள் நோயாளி பிழைத்து வேலைக்குப் போயிருப்பார். அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். சரித்திரத்துக்கு உதவுகிற பரிசோதனை அது. படுக்கையில் கிடக்கிறவனுக்கு உதவாது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் பையனுக்கு முதலில் பார்த்தது டெங்குவா இல்லையா என்பதை அல்ல. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். சாதாரணமாக 37, 38 இருக்க வேண்டிய வயசில் 47 இருந்தது. நீர் ஒழுகி ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். தட்டணுக்கள் 48,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. பெரியவருக்கு அந்தத் தட்டணு எண்தான் மனசில் தைத்தது. "தட்டணு ஏத்தணும்னா எவ்வளவானாலும் பரவாயில்லை" என்று நர்ஸிடம் கெஞ்சினார். வெளியே ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து நின்றார். அங்கே இருந்த இளம் டாக்டர், ரத்தம் கசிந்தாலோ எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போனாலோதான் அந்தப் பேச்சு என்று பொறுமையாகச் சொன்னார். அவர் கவனம் முழுக்க இன்னொரு எண்ணின் மேலேயே இருந்தது. உப்பு நீரை அளந்து நரம்பில் ஏற்றினார்கள். மணிக்கொரு தடவை ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு. சில மணிக்கொரு தடவை ரத்தம். 47 மெதுவாக 44 ஆயிற்று, மறுநாள் 40. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எதுவும் வீட்டில் கொடுக்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அவை ரத்தக் கசிவை அதிகப்படுத்திவிடும். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் ஒன்றே போதும்.

எட்டாம் நாள் பையன் தோசை கேட்டான்.

கஷாயத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் வரிசையில் நின்று குடித்தவன்தான். கசப்பு பிரமாதம். ஆனால் கஷாயம் குடித்தாயிற்று என்று நாலு நாள் ரத்தத்தைப் பார்க்காமல் இருப்பதற்குக் கருடவாகன பட்டர்கூடச் சம்மதிக்க மாட்டார். எட்டு விதமாகப் பார்த்து நோயைத் தேறச் சொன்ன நாடு இது. ஒன்பதாவதாக ரத்தத்தைப் பார்த்தால் குறைந்தா போய்விடும்?

பரிசோதனை முடிவுகள் பிறகு வந்தன. ஐ.ஜி.எம். இருந்தது. ஐ.ஜி.ஜி.யும் இருந்தது, அதுவும் பலமாக. அப்படியானால் இவனுக்கு முன்னாலேயே ஒரு தடவை டெங்கு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பையனின் தாயார் யோசித்துப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட லீவில் மூன்று நாள் ஜுரம் வந்து, சாதாரண ஜுரம் என்று மாத்திரை கொடுத்து, தானாகச் சரியாகிப்போனது ஞாபகம் வந்தது. அப்போது யாரும் அதற்குப் பெயர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மாநகராட்சி ஆட்கள் டார்ச் விளக்கோடு வந்து வீட்டைச் சோதித்தார்கள். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். இரண்டு நதிக்கு நடுவில் இருக்கிற ஊரில் இந்தக் கொசுவுக்கு ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். சாக்கடையும் பிடிக்காது. தேங்காய்ச் சிரட்டையில், பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தெளிந்த தண்ணீர் போதும். முட்டை ஈரமில்லாமல் மாதக் கணக்கில் கிடந்து, ஒரு மழையில் பொரிந்துவிடும். நூறு இருநூறு கஜத்துக்கு மேல் அது அதிகம் பறக்காது. ஆகவே கடித்த கொசு அநேகமாக நம் வீட்டுக் கொசுவாகவோ அண்டை வீட்டுக் கொசுவாகவோதான் இருக்கும். பெரியவர் வீட்டுத் தொட்டிகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. கொல்லைப்புறத்தில், மிக்ஸி வந்த பிறகு யாரும் தொடாத ஆட்டுக்கல் கிடந்தது. குழவியை எடுத்துவிட்ட குழியில் ஐப்பசி மழை. டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து கீழே ஓடின.

கல்லை வெளியே போட்டுவிடலாம் என்றார்கள். அது தம் தாயார் தோசைக்கு அரைத்த கல் என்று பெரியவர் மறுத்துவிட்டார். கடைசியில் கொள்ளிடத்து மணல் இரண்டு கூடை கொண்டுவந்து குழியை மூடினார்கள். இப்போது அதில் ஒரு துளசி வளர்கிறது.